உசிலம்பட்டி யாருடைய கோட்டை?

கேட்ட கேள்வி இது: "உசிலம்பட்டி மாதிரி ஒரே சமூகத்தார் அடர்த்தியாக இருக்கும் ஊரில் தேர்தல் முடிவு முன்பே தெரிந்ததுதானே? அது பார்வர்டு பிளாக் கோட்டையா, இரட்டை இலைக் கோட்டையா? சாதி பார்த்துத்தான் ஓட்டா?"

நேராகச் சொல்லிவிடுகிறேன். ரெண்டு கோட்டையும் இல்லை, போஸ் தொடங்கிய பார்வர்டு பிளாக்கின் சிங்கமும் இல்லை, அதிமுகவின் இரட்டை இலையும் இல்லை. சாதி பார்த்து ஓட்டு என்பது பாதி உண்மை, அந்தப் பாதியும் எல்லோரும் நினைக்கிற பாதி இல்லை. உசிலம்பட்டியில் யார் வேட்பாளர் ஆக முடியும் என்பதைத்தான் சாதி தீர்மானிக்கிறது. யார் ஜெயிப்பார் என்பதைத் தீர்மானிப்பது வேறு சில கணக்குகள். பெரிய கட்சிகள் எல்லாமே பிரமலைக் கள்ளர் சமூகத்து ஆளையே நிறுத்தும்போது "நம்மாளு" என்ற வாதத்துக்கு என்ன மதிப்பு இருக்கிறது? நாலு பேரும் நம்மாளுதான். அப்போது வாக்காளர் வேறு எதையோ பார்த்துத்தானே முடிவு செய்தாக வேண்டும். அந்த வேறு எது என்பதுதான் விஷயம்.

ஊர் தெரியாதவர்களுக்காக: மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் 35 ஆயிரம் பேர் அளவில். பூ மார்க்கெட், ஆட்டுச் சந்தை, தேவர் சிலை, தேவர் பெயரிலேயே ஒரு கல்லூரி. ரயில் பல வருஷம் இல்லாமல் போய் 2022இல் அகலப்பாதையில் திரும்பி வந்தது. ஊர் சின்னது, ஆனால் சட்டமன்றத் தொகுதி என்று வரும்போது சுற்றிலும் உள்ள கிராமங்கள்தான் எடை. நகரத்துக் கடைவீதி ஓட்டை மட்டும் வைத்து யாரும் இங்கே ஜெயித்ததில்லை.

இப்போது ஜெயித்தவர்கள் வரிசையைப் பார்ப்போம். 1957 தொடங்கி 1977 வரை பி.கே. மூக்கையாத் தேவர். 1980இல் பார்வர்டு பிளாக்கின் ஆண்டித்தேவர். 1984இல் சுயேச்சையாக நின்ற பி.கே.எம். முத்துராமலிங்கம், முன்னெழுத்தைப் பார்த்தாலே எந்த வீட்டு ஆள் என்று தெரியும். 1989இல் திமுகவின் வல்லரசு. 1991இல் அதிமுகவின் பாண்டியம்மாள். 1996இல் மறுபடி வல்லரசு, ஆனால் இந்தத் தடவை பார்வர்டு பிளாக். 2001இல் பார்வர்டு பிளாக்கின் சந்தானம். 2006இல் அதிமுகவின் மகேந்திரன். 2011இல் பார்வர்டு பிளாக்கின் கதிரவன். 2016இல் அதிமுகவின் நீதிபதி (அது பெயர், பதவி இல்லை). 2021இல் அதிமுகவின் அய்யப்பன். 1980க்குப் பிறகு ஒருவர்கூட அடுத்தடுத்து இரண்டு தடவை ஜெயிக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கோட்டை என்று பேசுகிறவர்கள் இதை முதலில் விளக்க வேண்டும்.

மூக்கையாத் தேவர் காலத்தைத் தனியாகத்தான் பேச வேண்டும். அது கட்சி ஓட்டு என்பதைவிட நன்றி ஓட்டு. குற்றப் பரம்பரைச் சட்டம், இந்தப் பக்கத்து வாய்மொழியில் கைரேகைச் சட்டம், இந்தச் சமூகத்தை எப்படி வதைத்தது என்பது பலருக்குப் பாடப்புத்தகச் செய்தி, இங்கே அது தாத்தா சொன்ன கதை. வயதுக்கு வந்த ஆம்பளை எல்லோரும் ரேகை வைக்க வேண்டும், ராத்திரி காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும், அவசரத்துக்கு வெளியூர் போவதென்றால் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. முத்துராமலிங்கத் தேவர் அந்தச் சட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போனார், 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் போனது. அவர் சுபாஷ் சந்திர போஸ் பக்கம் போனதால் இந்த மக்களும் போஸ் பக்கம் போனார்கள். போஸ் தொடங்கிய பார்வர்டு பிளாக்கின் சிங்கச் சின்னம், மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு வறண்ட தாலுகாவில் வேர்விட்ட கதை இதுதான். இடதுசாரிக் கொள்கை படித்து யாரும் இங்கே பார்வர்டு பிளாக் ஆகவில்லை, இன்றுவரைக்கும்.

மூக்கையாத் தேவர் அந்த நன்றியைச் சும்மா வாங்கிக்கொண்டு போன ஆளும் இல்லை. 1967இல் தற்காலிக சபாநாயகராக இருந்தவர். உசிலம்பட்டி, கமுதி, மேலநீலிதநல்லூர் மூன்று ஊரிலும் தேவர் கல்லூரிகள் வர முன்னின்றவர். 1971இல் ராமநாதபுரம் எம்.பி. ஆகி, 1974இல் கச்சத்தீவை விட்டுக்கொடுத்தபோது மக்களவையில் எதிர்த்துப் பேசியவர். 1977இல் தமிழ்நாடு முழுக்க எம்.ஜி.ஆர். அலை அடித்தபோதும் உசிலம்பட்டி அவரைத்தான் அனுப்பியது. 1979இல் அவர் இறந்தார். பார்வர்டு பிளாக் என்ற பெயர் அப்புறமும் இருந்தது, கட்சி இல்லை. தலைமைக்கு ஆள் ஆளுக்கு உரிமை கொண்டாட, கோஷ்டி கோஷ்டியாகப் பிரிந்து, 2006 வாக்கில் நடிகர் கார்த்திக்கை மாநிலப் பொறுப்புக்குக் கொண்டு வரும் அளவுக்குப் போனது.

அதற்குப் பிறகு சிங்கம் ஜெயித்த வருஷங்களைப் பாருங்கள். 1996இல் திமுக அணி. 2001இல் அதிமுக அணி. 2011இல் அதிமுக அணி. மூன்று தடவையும் மாநிலத்தில் எந்த அணி ஆட்சிக்கு வந்ததோ அந்த அணியில்தான் சிங்கம் இருந்தது. 2011இல் ஜெயித்த அதே கதிரவன் 2021இல் திமுக அணிக்குப் போய் உதயசூரியனில் நின்றார், தோற்றார். ஆகவே பார்வர்டு பிளாக்குக்கு என்று தனியாக ஓட்டு வங்கி இருப்பதாக இப்போது சொல்வது சரியில்லை என்பது என் கருத்து. மரியாதை இருக்கிறது, படம் இருக்கிறது, அக்டோபர் 30 வந்தால் பசும்பொன்னுக்கு வண்டி கட்டுகிற கூட்டம் இருக்கிறது. ஓட்டு வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த வேறு இடம் பெரும்பாலும் இரட்டை இலை. எம்.ஜி.ஆர். 1984இல் நின்றது பக்கத்து ஆண்டிபட்டியில். ஜெயலலிதா 1989இல் போடியில், 2002இலும் 2006இலும் ஆண்டிபட்டியில். இந்த வட்டாரமே தலைவர்கள் பாதுகாப்பாக நினைத்த வட்டாரம். உசிலம்பட்டிக்குத் தெற்கே சேடபட்டி என்று ஒரு தொகுதி இருந்தது, அங்கே ஜெயித்த சேடபட்டி முத்தையா 1991 முதல் 1996 வரை சபாநாயகர். 2008 மறுசீரமைப்பில் அந்தத் தொகுதியே காணாமல் போய், சேடபட்டி, எழுமலைப் பக்கத்தின் பெரும்பகுதி உசிலம்பட்டிக்குள் வந்தது. அதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. 2006க்கு முந்தைய உசிலம்பட்டியும் 2011க்குப் பிந்தைய உசிலம்பட்டியும் பெயரில்தான் ஒன்று. எழுமலைப் பக்கம் போனால் நாயக்கர், மற்ற சமூகங்கள் என்று கலவை கூடும், "எட்டு நாட்டுக் கணக்கு" அங்கே செல்லுபடி ஆகாது. 2014இல் ஜெயலலிதா தேவர் சிலைக்குக் கொடுத்த 13 கிலோ தங்கக் கவசம் நினைவிருக்கும். அது மதுரையில் வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது, வருஷா வருஷம் குருபூஜைக்கு எடுத்துத் தருவார்கள். 2022இல் கட்சி உடைந்தபோது கவசத்தை யார் எடுப்பது என்று ஓ.பி.எஸ்., இ.பி.எஸ். தரப்புகள் மல்லுக்கட்டின. உசிலம்பட்டி எம்.எல்.ஏ. அய்யப்பன் அப்போது ஓ.பி.எஸ். பக்கம் நின்ற சொற்பப் பேரில் ஒருவர்.

எட்டு நாடு என்றேன் இல்லையா, அதைச் சொல்லாமல் இந்த ஊர் அரசியல் புரியாது. பிரமலைக் கள்ளர்களுக்கு எட்டு நாடு, 24 உபகிராமம் என்று ஒரு பழைய அமைப்பு. ஒவ்வொரு நாட்டுக்கும் கோயில், கோயிலுக்குப் பங்காளிகள், யார் யாருக்குப் பெண் கொடுக்கலாம் எடுக்கலாம் என்ற முறை. பாப்பாபட்டி என்றால் ஒச்சாண்டம்மன் கோயில், மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு எங்கிருந்தாலும் வந்து சேர்ந்துவிடுவார்கள். வேட்பாளர் பெயர் அறிவித்த அன்று டீக்கடையில் முதலில் வருகிற கேள்வி "எந்தக் கட்சி" இல்லை, அதுதான் தெரியுமே. "எந்த நாடு, எந்தக் கோயில், யாருக்கு மாப்பிள்ளை" என்பதுதான். அப்புறம் கூட்டல் கழித்தல் ஆரம்பமாகும். பங்காளி ஓட்டுப் போடுவான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பங்காளிகளுக்குள் நிலம், கோயில் முதல் மரியாதை, பழைய பஞ்சாயத்துத் தேர்தல் பகை என்று ஆயிரம் இருக்கும், அதனால் பல சமயம் மாமன் மச்சான் ஓட்டுதான் உறுதியான ஓட்டு. முக்குலத்தோர் என்று மூன்று பெயரை ஒரு பெயராகச் சேர்த்துப் பேசுவதும் இங்கே ஓரளவுக்குத்தான் ஓடும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கள்ளருக்கும் இந்தப் பக்கத்துக்கும் கொள்வினை கொடுப்பினையே கிடையாது.

இந்தச் சொந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் ஒரு காதணி விழா பிளக்ஸைப் பாருங்கள். மேலே நடுவில் முத்துராமலிங்கத் தேவர், ஒரு ஓரம் போஸ், இன்னொரு ஓரம் மூக்கையாத் தேவர். அதற்குக் கீழே இடது பக்கம் அண்ணனுக்காக எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும், வலது பக்கம் தம்பிக்காகக் கலைஞரும் ஸ்டாலினும். இடையில் காது குத்துகிற குழந்தைகள், கீழே தாய்மாமன்கள் வரிசை, அதில் ஒருத்தர் டி.டி.வி. தினகரனின் அமமுக துண்டோடு, இன்னொருத்தர் கறுப்புக் கண்ணாடியில். ஒரே வீடு, ஒரே பந்தல். இதைப் பார்த்து "அரசியல் தெளிவே இல்லை" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ரொம்பத் தெளிவாகத் தெரிகிறது: எந்த ஆட்சி வந்தாலும் தாலுகா ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூப்பிட்டால் பேச வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதோடு சேர்ந்தது செய்முறை. கல்யாணம், காதுகுத்து, சாவு, எதுவானாலும் மொய் நோட்டு. யார் எவ்வளவு செய்தார்கள் என்பது தலைமுறைக்கும் நிற்கும். எம்.எல்.ஏ. ஆக ஆசைப்படுகிறவர் ஐந்து வருஷம் இந்த விழாக்களுக்குப் போயிருக்க வேண்டும், கேதத்துக்கு மாலையோடு நின்றிருக்க வேண்டும். தேர்தலுக்கு முந்தின ராத்திரி பணம் வருவது உண்மைதான், திருமங்கலம் பக்கத்துத் தொகுதி, 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்தப் பெயர் நாடு முழுக்கத் தெரியும், அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாக் கட்சியும் கொடுக்கிற இடத்தில் பணமும் சாதி மாதிரிதான், எல்லோரிடமும் இருப்பதால் வித்தியாசம் செய்வதில்லை. கேதத்துக்கு வராதவர் கொடுக்கிற பணத்தை வாங்கிக்கொண்டு ஓட்டை மாற்றிப் போடுவதில் இங்கே யாருக்கும் கூச்சம் இல்லை.

இனி யாரும் அதிகம் பேசாத ஓட்டு. பட்டியல் சமூகத்து ஓட்டு. உசிலம்பட்டி பொதுத் தொகுதி, பெரிய கட்சி எதுவும் அந்தச் சமூகத்திலிருந்து வேட்பாளர் நிறுத்துவதில்லை. ஆனால் நாலு பேர் "நம்மாளு" ஓட்டைப் பிரித்துக்கொள்ளும்போது முடிவைச் சாய்ப்பது மற்ற சமூகங்களின் ஓட்டு, அதில் இவர்கள் பெரிய பங்கு. சுற்றுவட்டாரத்தில் உள்ள பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருஷம் அங்கே தலைவர் என்று ஒருவர் உட்கார முடியவில்லை. ஒன்று மனுத் தாக்கலே நடக்காது, இல்லையென்றால் ஜெயித்தவர் கையோடு ராஜினாமா எழுதிக் கொடுப்பார். எழுதிக் கொடுக்க வைப்பார்கள் என்று சொல்ல வேண்டும். 2006இல்தான், உதயச்சந்திரன் ஆட்சியராக இருந்தபோது, தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். 2021 அக்டோபர் 2 அன்று முதல்வர் ஸ்டாலின் கிராம சபைக்குத் தேர்ந்தெடுத்து வந்தது பாப்பாபட்டிக்குத்தான், காரணம் சொல்லத் தேவையில்லை. தங்கள் தாத்தாமார் கைரேகை வைத்த அவமானத்தை இன்றும் கண்ணீரோடு சொல்கிற ஊர்கள், பக்கத்துத் தெருக்காரர் நாற்காலியில் உட்காருவதைப் பத்து வருஷம் தடுத்தன. இதை மென்று விழுங்கிவிட்டு உசிலம்பட்டி அரசியலைப் பேசினால் அது நேர்மையான பேச்சு இல்லை.

அப்புறம் தண்ணீர். 58 கிராமக் கால்வாய் என்ற மூன்று சொல் இல்லாத தேர்தல் கூட்டம் இங்கே கிடையாது. வைகை அணையிலிருந்து உசிலம்பட்டி பக்கத்துக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டு வரும் திட்டம், பல ஆட்சிகள் மாறி மாறி இழுத்தது, 2018இல் சோதனை ஓட்டம் விட்டார்கள். சிக்கல் என்னவென்றால் அணை 67 அடி எட்டினால்தான் இந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் ஏறும். ஆக ஒவ்வொரு நல்ல மழைக்கும் திறக்கச் சொல்லிப் போராட்டம், திறந்தால் யார் திறந்தது என்று போஸ்டர். கட்சி மாறி ஓட்டுப் போட வைக்கும் அளவுக்கு இது பெரிய விஷயமா என்றால், கண்மாய் நிறைந்த ஊரிலும் நிறையாத ஊரிலும் கேட்டுப் பாருங்கள், ஒரே பதில் வராது.

2021 தேர்தல்தான் இந்த எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் மோதிய தேர்தல். பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவித்த அதே நாளில், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கான 20 சதவீதத்துக்குள்ளேயே வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டசபையில் நிறைவேறியது. சீர்மரபினர் (ஒரு காலத்தில் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்கள்) பட்டியலில் இருக்கும் இந்தப் பகுதி மக்கள் கொதித்துப் போனார்கள், உசிலம்பட்டி பக்கம் வீடுகளில் கறுப்புக் கொடி ஏறியது. டி.என்.டி. (சீர்மரபுப் பழங்குடி) சான்றிதழ் கோரிக்கை வேறு ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. அதிமுகவுக்கு இங்கே டெபாசிட் மிஞ்சுமா என்று பேசியவர்கள் உண்டு. முடிவு? அதிமுகவின் அய்யப்பன் 71 ஆயிரம் சொச்சம். திமுக அணியில் கதிரவன் 63 ஆயிரம் சொச்சம். அமமுகவில் குக்கர் சின்னத்தில் நின்ற மகேந்திரன், 2006இல் இரட்டை இலையில் ஜெயித்த அதே மகேந்திரன், 55 ஆயிரம் சொச்சம்.

இந்த மூன்று எண்ணையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசியுங்கள். கோபம் நிஜம்தான், ஆனால் அது உதயசூரியனுக்குப் போகவில்லை, இலையிலிருந்து பிரிந்த குக்கருக்குப் போனது. இலையும் குக்கரும் சேர்ந்தால் ஒரு லட்சத்து 26 ஆயிரம், உதயசூரியனைப் போல இரண்டு மடங்கு. பிரிந்து நின்றும் இலை தப்பித்தது சுமார் ஏழரை ஆயிரம் ஓட்டில். பார்வர்டு பிளாக் தலைவர் ஒருவர், உள்ளூரில் ஏற்கெனவே எம்.எல்.ஏ.வாக இருந்தவர், மாநிலத்தில் ஜெயித்த அணியில் நின்றும் ஜெயிக்கவில்லை. ஆகவே "சமூகக் கோபம் ஆட்சியைக் கவிழ்க்கும்" என்று டிவியில் சொன்னவர்களுக்கு உசிலம்பட்டி கொடுத்த பதில் இது: கோபப்பட்டால் சொந்தக்காரன் வீட்டுக்குத்தான் போவோம், எதிர்வீட்டுக்குப் போக மாட்டோம்.

ஆனால் இதையே வைத்து உசிலம்பட்டி என்றால் எப்போதும் இலைதான் என்று எழுதிவிடாதீர்கள். சட்டமன்றத்துக்கு ஒரு மனசு, நாடாளுமன்றத்துக்கு ஒரு மனசு. உசிலம்பட்டி இப்போது தேனி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. 2019இல் தமிழ்நாடு முழுக்க அதிமுக அணி ஜெயித்த ஒரே இடம் தேனி. அடுத்த 2024இல் அதே தேனியில் திமுக 2.78 லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தது, இரண்டாவது வந்தது டி.டி.வி. தினகரன், அதிமுக மூன்றாவது. ஜெயித்த தங்க தமிழ்ச்செல்வன் யார்? ஜெயலலிதாவுக்காக ஆண்டிபட்டி எம்.எல்.ஏ. பதவியை விட்டுக்கொடுத்தவர், 2019இல் இதே தேனியில் அமமுக வேட்பாளர், 2024இல் திமுக. ஆள் தெரிந்த ஆள், சின்னம்தான் புதுசு. சூரியனுக்கு ஓட்டுப் போடக் கை வராத பல வீடுகளில் இவருக்காகப் போட்டார்கள் என்பது என் கணிப்பு.

ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது, அது முழுக்கப் பங்காளிச் சண்டை, அதை இங்கே இழுக்க வேண்டாம். வெளியூர் ஓட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் கேரளா, ஆந்திரா என்று முறுக்கு வியாபாரத்துக்குப் போனவர்கள். ஓட்டு ஊரில்தான். வண்டி பிடித்துக் கூட்டி வருகிற கட்சிக்கு அந்த ஓட்டு என்று பொதுவாகச் சொல்வார்கள், சித்திரைத் திருவிழா நேரத்தில் தேர்தல் வந்தால் வண்டியே தேவையில்லை, தானாக வந்துவிடுவார்கள்.

நீங்கள் நிஜமாகவே இதை ஆராய வேண்டும் என்றால் தொகுதி மொத்தக் கணக்கை விட்டுவிடுங்கள். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் படிவம் 20 என்று பூத் வாரியான முடிவு கிடைக்கும். அதில் 2016, 2021 இரண்டையும் எடுத்து, நகராட்சி வார்டு பூத்கள், எட்டு நாட்டுக் கிராமங்கள், எழுமலை சேடபட்டிப் பக்கம் என்று மூன்றாகப் பிரித்து வையுங்கள். ஒரே கிராமத்தில் ரெண்டு பூத் இருந்தால் அவற்றைக் கட்டாயம் தனித்தனியாகப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்று ஊர், ஒன்று காலனி. குக்கருக்கு 2021இல் எந்த பூத்தில் அதிகம் விழுந்தது என்று குறித்துக்கொண்டு, அந்த ஊர் எந்த நாடு என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள், அரை மணி நேரத்தில் அவரே மிச்சத்தைச் சொல்லிவிடுவார்.